ஜே, கே, பி, ஓ, செமிகோலன்: திறக்க மறுத்த ஒரு ஃபைலின் கதை

இந்த வாரம் ஒரு சின்ன டெஸ்டோட ஆரம்பிக்கலாம். நான் வரிசையா ஐந்து விஷயம் சொல்றேன், கேட்டுக்கோங்க. ஜே. கே. பி. ஓ. கடைசியில ஒரு செமிகோலன். எல்லாமே ஸ்மால் லெட்டர், நடுவுல இடைவெளி கிடையாது. இது என்ன வார்த்தை?

பதில்: 'தமிழ்'. விளையாட்டுக்குச் சொல்லல. நம்ம ஊர்ல எத்தனையோ டிடிபி சென்டர்ல, எத்தனையோ ஆயிரம் கம்ப்யூட்டர்ல, 'தமிழ்'ங்கிற வார்த்தை உண்மையிலேயே இப்படித்தான் சேமிக்கப்பட்டு இருந்துச்சு. இன்னைக்கும் பழைய சிடிகள்ல அப்படியேதான் இருக்கு. எனக்கு இது தெரிய வந்தது எங்க தாத்தாவால.

தாத்தா சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துல பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஓய்வு பெற்ற பிறகு, ஊர்க் கண்மாயைப் பத்தி ஒரு நோட்டு முழுக்க எழுதினார். எந்த மடை எங்க இருக்கு, அதுக்கு என்ன பேர், எந்த வரத்துக்கால் வழியா தண்ணி வரும், பஞ்ச வருஷத்துல யார் வயலுக்கு முதல்ல திறந்தாங்க, எந்த வருஷம் கலுங்கு உடைஞ்சது, எல்லாம். எங்க அத்தை அப்போ காரைக்குடியில ஒரு டிடிபி சென்டர்ல வேலை பார்த்தாங்க. 2001ல அவங்கதான் அதை டைப் பண்ணி ஒரு சிடியில போட்டுக் கொடுத்தாங்க. கையெழுத்து நோட்டு சென்னையில எங்க வீட்டுல இருந்துச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்துல கீழ்த்தளத்துல இருந்த எல்லாத்தோடயும் அதுவும் போச்சு. தாத்தா அதுக்கு முன்னாடியே இறந்துட்டார். மிச்சம் அந்த சிடி மட்டும்தான்.

போன வருஷம் ஊர்ல இருந்து சித்தப்பா போன் பண்ணினார். கண்மாய்க்கு வர்ற வரத்துக்கால்களை எல்லாம் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கப் போறாங்களாம். "எந்தக் கால் எங்க ஓடுச்சுன்னு இப்ப இருக்கிறவங்களுக்குத் தெரியலப்பா. தாத்தா எழுதினது உங்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு சித்தப்பா"ன்னு சொல்லிட்டு, ஒரு சிடி டிரைவ் கடன் வாங்கி, லேப்டாப்ல போட்டு ஃபைலைத் திறந்தேன். திறந்துச்சு. ஆனா உள்ள தமிழே இல்ல. ஆங்கில எழுத்துகளும் செமிகோலனும் கலந்து, பூனை கீபோர்டு மேல நடந்த மாதிரி பக்கம் பக்கமா ஓடுது. ஃபைல் கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். ஒரே ஒரு விஷயம்தான் இடிச்சது. அந்தக் குப்பைக்கு நடுவுல வருஷங்கள் மட்டும் சுத்தமா இருந்துச்சு. 1952. 1964. 1978. கெட்டுப்போன ஃபைல் எண்களை மட்டும் பத்திரமா பார்த்துக்குமா என்ன?

லேப்டாப்பை எடுத்துக்கிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன்.

"அத்தை, ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு போல."

"கரப்டாவது ஒண்ணாவது. கண்ணாடி எங்கேயோ வச்சுட்டேன். நீ படி, பாப்போம்."

"என்னத்தைப் படிக்கிறது? எஃப், இசட், செமிகோலன், கே, ஹெச், ஏ, செமிகோலன்..."

அத்தை சாப்பாட்டு மேசை மேல ரெண்டு கையையும் வச்சாங்க. நான் ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்ல, அவங்க விரல் மேசையைத் தட்டுச்சு. ஏழு தட்டு.

"கண்மாய்"னாங்க.

அந்த நிமிஷம் எனக்கு மேல் சிலிர்த்துப் போச்சு. ஃபைல் கெடவே இல்ல. தாத்தா எழுதினது அத்தனையும் அதுலயே இருக்கு. அதைப் படிக்கிற சாவி மட்டும் ஃபைல்ல இல்ல, அத்தையோட விரல்ல இருந்துச்சு.

எழுத்து இல்லை, எண்தான்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். 'இந்த எண் வந்தா இந்த எழுத்தைக் காட்டு'ன்னு மனுஷங்க தங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் போட்டுக்கணும். அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் ஃபைலுக்குள்ள எழுதப்பட்டு இருக்காது. ஒரு மெஷின்ல எழுதினதை இன்னொரு மெஷின்ல திறக்கும்போது வர்ற தகராறுல பெரும்பகுதிக்கு இதுதான் காரணம்.

அமெரிக்கர்களே இதுல அடிபட்டவங்கதான். 1963ல ஆஸ்கி என்ற தரம் வெளியானது. மொத்தம் 128 இடங்கள். அதில் கேப்பிட்டல் 'ஏ'வுக்கு எண் 65. அடுத்த வருஷமே ஐபிஎம் தன் சிஸ்டம் 360 கம்ப்யூட்டர்களை அறிவிச்சது. அவை பயன்படுத்தியது எப்சிடிக் என்ற வேறொரு முறை. அதில் அதே 'ஏ'வுக்கு எண் 193. அது மட்டுமா? துளை அட்டைக் காலத்துப் பழக்கத்தைத் தொடர்ந்து வந்த முறை என்பதால், எப்சிடிக்கில் 'ஐ' 201, ஆனா அதுக்கு அடுத்த 'ஜே' 209. நடுவுல சும்மா ஒரு பள்ளம். ஒரு கம்பெனி மெஷின்ல எழுதின டேப்பை இன்னொரு கம்பெனி மெஷின் படிக்க, மொழிபெயர்க்க ஒரு புரோகிராம் தேவைப்பட்டது. 1968 மார்ச்ல அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனே, 'இனி அரசு வாங்கும் கம்ப்யூட்டர்களுக்கு ஆஸ்கி தெரிஞ்சிருக்கணும்'னு உத்தரவு போட வேண்டி வந்தது.

எழுத்துல ஒத்துப்போனாலும் வரி முடியிற இடத்துல சண்டை. பழைய டெலிபிரிண்டர்ல ஒரு வரி முடிஞ்சா ரெண்டு வேலை நடக்கணும்: அச்சு முனை இடது ஓரத்துக்குத் திரும்பணும், காகிதம் ஒரு வரி மேல ஏறணும். டாஸும் விண்டோஸும் ரெண்டு குறியையும் வச்சுக்கிச்சு. யுனிக்ஸ் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கிச்சு. பழைய மேக் முதலாவதை மட்டும். அதனாலதான் லினக்ஸ்ல எழுதின ஒரு ஃபைலை விண்டோஸ் நோட்பேடுல திறந்தா, முழுசும் ஒரே வரியா நீண்டுக்கிட்டு இருந்துச்சு. இதை நோட்பேடு சரி செஞ்சது எப்போ தெரியுமா? 2018ல.

ஆங்கிலத்துக்கே இந்தப் பாடுன்னா, நம்ம கதையை யோசிங்க.

தமிழ் போட்ட மாறுவேஷம்

ஆஸ்கியில தமிழுக்கு இடமே கிடையாது. ஒரு பைட்டில் மொத்தம் 256 எண்தான். அதில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் போயாச்சு. அப்போ தமிழ்ல டைப் அடிக்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. கம்ப்யூட்டர்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம், எழுத்துருவை மட்டும் மாத்திடலாம். அதாவது, 106ன்னு வந்தா கம்ப்யூட்டர் 'ஜே'ன்னு நினைக்கும். நினைச்சுக்கட்டும். எழுத்துருவுக்குள்ள 'ஜே' படம் இருக்க வேண்டிய இடத்துல நாம 'த' படத்தை வச்சுடுவோம். திரையில தமிழ் தெரியும், அச்சில் தமிழ் வரும். உள்ள இருக்கிறது ஆங்கிலம்தான், மேல போட்டிருக்கிறது மட்டும் தமிழ் வேஷம்.

அத்தை டைப் பண்ணினது பாமினி எழுத்துருவில். இலங்கையிலும் இங்கேயும் ரொம்பப் பரவலா இருந்த ஒண்ணு. அதில் 'தமிழ்'னா 106, 107, 112, 111, 59. அந்த எழுத்துரு இருக்கிற மெஷின்ல இந்த எண்கள் 'தமிழ்'னு தெரியும். இல்லாத மெஷின்ல வேஷம் கலைஞ்சு ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினியில எண்களுக்கு வேஷம் போடல. அதனாலதான் தாத்தாவோட வருஷங்கள் எல்லாம் அப்படியே தப்பிச்சது.

அத்தை எப்படி மேசையில தட்டியே படிச்சாங்க? பாமினியோட விசை அமைப்பு தமிழ் தட்டச்சுப் பொறியோட அமைப்பைப் பின்பற்றியது. தமிழ் தட்டச்சுக்கு 1930களில் வடிவம் கொடுத்தவர்னு நாம நினைவில் வச்சிருக்கிறது யாழ்ப்பாணத்துல பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆர். முத்தையாவை. அந்த வழியில வந்த அமைப்புல நடு வரிசையில இடது கைக்கு ய, ள, ன, க, ப. வலது கைக்கு த, ம, ட. சுண்டு விரல்ல, செமிகோலன் இருக்கிற இடத்துல, புள்ளி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல லோயர், ஹையர் பாஸ் பண்ணினவங்களுக்கு இது ரத்தத்துல ஊறினது. நான் 'ஜே'ன்னு சொன்னப்போ அத்தைக்குக் கேட்டது ஆங்கில எழுத்து இல்ல. வலது ஆள்காட்டி விரல். அந்த விரலுக்கு அது 'த'.

ஆளுக்கு ஒரு வேஷம்

பிரச்சினை என்னன்னா, எல்லாரும் ஒரே வேஷம் போடல. ஒரு எழுத்துருவில் 106 'த'ன்னா இன்னொண்ணுல வேற. 90களின் கடைசியில தமிழ்ச் செய்தித் தளங்களைப் படிச்சவங்களைக் கேட்டுப் பாருங்க. தளத்துக்குத் தளம் ஒரு எழுத்துருவை இறக்கணும். ஒரு தளத்துல இருந்து காப்பி பண்ணி நண்பருக்கு மெயில் அனுப்பினா, அங்கே போய்ச் சேர்றது குப்பை. அதனால நிறையப் பேர் வெறுத்துப் போய் ஆங்கில எழுத்துலயே தமிழை எழுதினாங்க. நாம வாட்ஸ்அப்ல இன்னைக்கும் செய்யறோமே, அதே வழக்கம்தான்.

இதைச் சரி பண்ண நினைச்சவங்க பல நாடுகள்ல இருந்தாங்க. சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். 1997ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றவர்களின் முயற்சியில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. இணையத்தில் கூடிப் பேசிய தன்னார்வலர்கள் 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கே, மேல் 128ல் தமிழ். ஒரே ஃபைல்ல ரெண்டு மொழியும் வேஷம் இல்லாம இருக்கலாம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு. அதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் 'டேம்', 'டேப்' என்ற இரண்டு குறியீடுகளை ஏற்றது. இப்போ கூட்டிப் பாருங்க. குழப்பத்தைத் தீர்க்க வந்த பொதுத் தரமே மூணு ஆயிடுச்சு, பழைய எழுத்துருக்களும் எங்கேயும் போகல. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஏற்கெனவே டைப் பண்ணின ஃபைல் மலை மாதிரி இருந்துச்சு. ஒப்பந்தத்தை மாத்தினா அந்த மலை மொத்தமும் குப்பையாத் தெரியும். விட்டுக்கொடுக்கிறதுக்கு விலை இருந்துச்சு.

கொம்பு முன்னாடியா, பின்னாடியா?

இதுல வேடிக்கை, பதில் ஏற்கெனவே இருந்துச்சு. உலகத்து எல்லா எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கிற யூனிகோட் 1991லயே வெளிவந்தாச்சு, அதில் தமிழும் இருந்தது. இந்திய அரசின் இஸ்கி குறியீட்டை அடிப்படையா வச்சு இடம் ஒதுக்கினாங்க. அங்கே 'தமிழ்'னா 2980, 2990, 3007, 2996, 3021. இந்த எண்கள் வேற எந்த மொழிக்கும் சொந்தம் இல்ல. எழுத்துரு இல்லாத மெஷின்ல கட்டம் கட்டமாத் தெரியலாம், ஆனா ஆங்கிலமா மட்டும் மாறாது. ஆனா சாதாரண வீட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அதைப் பயன்படுத்த வழி வந்தது விண்டோஸ் 2000க்குப் பிறகுதான். அதுவரைக்கும் ஊரே எழுத்துரு வேஷத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு.

யூனிகோட் மேல விமர்சனமும் இருந்தது, அதையும் சொல்லணும். தமிழுக்கு 247 எழுத்து. யூனிகோட் உயிர்மெய் ஒவ்வொண்ணுக்கும் தனி இடம் தரல. 'கி' என்பது க, அப்புறம் ஒரு இகரக் குறி, அப்படி ரெண்டு எண். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் வேணும்னு வாதாடினவங்க 'டேஸ் 16' என்ற குறியீட்டை முன்வச்சாங்க. 2010ல் தமிழ்நாடு அரசு யூனிகோட், டேஸ் 16 ரெண்டையும் தரமா அறிவிச்சது. ஆனா போன்லயும் இணையத்துலயும் நம்ம கைக்கு வந்து சேர்ந்தது யூனிகோட்தான். 2003ல் தொடங்கின தமிழ் விக்கிப்பீடியா யூனிகோட்லதான் வளர்ந்தது. 1998 பொங்கல் அன்னைக்குத் தொடங்கின மதுரைத் திட்டம், சங்க இலக்கியத்துல இருந்து நவீன எழுத்து வரைக்கும் தன்னார்வலர்கள் டைப் பண்ணிச் சேர்த்தது. முன்னாடி திஸ்கியில வெளியிட்டதை எல்லாம் பிறகு யூனிகோடுக்கு மாத்தி எடுத்தாங்க. இல்லைன்னா இன்னைக்கு நீங்க கூகுள்ல தேடினா அதெல்லாம் கிடைச்சிருக்காது.

மாத்தறதுன்னா எண்ணுக்கு எண் போட்டா போதும்னு நினைக்காதீங்க. 'கொ' எழுதிப் பாருங்க. கையில எழுதும்போது முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். பாமினியும் திஸ்கியும் கண்ணுக்குத் தெரியிற அந்த வரிசையிலயே சேமிக்கும். யூனிகோட் வாய் சொல்ற வரிசையைப் பின்பற்றும்: முதல்ல க, பிறகுதான் ஒகரக் குறி. அப்போ மாற்றி புரோகிராம் ஒவ்வொரு கொம்பையும் பிடிச்சு, அதுக்கு அடுத்த எழுத்தைத் தாண்டி வைக்கணும். பின்னாடி கால் இருக்கான்னு பார்த்து, இருந்தா ரெண்டையும் ஒண்ணாக்கணும்.

யாருடா துச்சன்?

தாத்தாவோட ஃபைலை அப்படி ஒரு இலவச மாற்றியில போட்டேன். அரை நிமிஷம். இருபது வருஷத்துக்கு மேல ஆன எழுத்து, திரையில தமிழா வந்து நின்னுச்சு. அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டு, ஒண்ணும் பேசாம முதல் பக்கத்தைப் படிச்சாங்க.

அப்புறம் மடைப் பட்டியல் வந்துச்சு. பேரிய மடை. குருப்பன் மடை. துச்சன் மடை. புள்ள மடை.

"யாருடா துச்சன்?"னு கேட்டாங்க. கேட்டுட்டு அவங்களே சிரிச்சாங்க.

நடந்தது இதுதான். பாமினியில ஸ்மால் 'ஜே' த, கேப்பிட்டல் 'ஜே' து. அதே மாதிரி க, கு ஆகும், ப, பு ஆகும், ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு ஆகும். அத்தை டைப் பண்ணின சாஃப்ட்வேருக்கு அது தமிழ்னு தெரியாது. ஆங்கிலம்னு நினைச்சு, வரியோட முதல் எழுத்தை எல்லாம் அக்கறையா கேப்பிட்டல் ஆக்கி வச்சிருக்கு. "எங்க மெஷின்ல அதை ஆஃப் பண்ணித்தான் வச்சிருப்போம். அன்னைக்குக் கடை மூடற நேரம், வேற மெஷின்ல உக்காந்து அடிச்சேன்"னாங்க.

வாக்கியங்கள்ல இது பெரிய விஷயம் இல்ல, படிக்கும்போதே திருத்திக்கலாம். பேர்கள்லதான் உதைக்குது. பெரிய மடையும் கருப்பன் மடையும் சுலபம். துச்சன், தச்சன்தான்னு அத்தைக்கு ஞாபகம் இருந்துச்சு. புள்ள மடையா, பள்ள மடையா? சித்தப்பா ஊர்ல நீர்க்கட்டியா இருந்த ஒரு பெரியவர்கிட்ட போனைக் கொடுத்தார். "பள்ள மடைதான், அதுதானே தாழ்வுல இருக்கு"ன்னார் அவர். ஒரு வரத்துக்கால் பேர் மட்டும் 'குட்டான் கால்'னு வந்திருக்கு. குட்டானா, கட்டானா? அந்தப் பெரியவருக்கும் தெரியல. அந்தக் கால் ஓடின இடத்துல இப்போ பிளாட் போட்டிருக்காங்க. மனுவில ரெண்டு பேரையும் எழுதித்தான் கொடுத்தோம்.

நான் இதுல இருந்து எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். ஃபைலைக் காப்பாத்தினா போதும்னு நாம நினைக்கிறோம். சிடியில போடுறோம், டிரைவ்ல ஏத்துறோம். ஆனா ஃபைல்ங்கிறது பாதிதான். மீதிப் பாதி, அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்ச மனுஷங்க கிட்ட இருக்கு. ஓலைச்சுவடிகள்ல புள்ளி வைக்காமதான் பெரும்பாலும் எழுதினாங்க. எது மெய், எது உயிர்மெய்னு படிக்கிறவர்தான் கண்டுபிடிக்கணும். அப்படிப் படிக்கத் தெரிஞ்சவங்க ஒரு தொடர்ச்சியா இருந்ததாலதான் அது நம்மகிட்ட வந்து சேர்ந்துச்சு.

இன்னைக்கும் பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்கள் நிறைய உலாவுது. பார்க்க அழகான தமிழ். காப்பி பண்ணினா குப்பை, தேடினா கிடைக்காது. பார்வையற்ற ஒருத்தர் ஸ்க்ரீன் ரீடர்ல போட்டா, அவருக்குக் கேக்கிறது நான் முதல்ல சொன்னேனே, அந்த ஜே, கே, பி, ஓ தான்.

அதனால ஒரு சின்ன வேலை. உங்க வீட்டு அலமாரியில ஒரு பழைய சிடி இருக்கும். கல்யாணப் பத்திரிகையோ, அம்மாவோட ஆய்வேடோ, தாத்தாவோட கவிதையோ. இந்த வாரம் திறந்து பாருங்க. குப்பையாத் தெரிஞ்சா தூக்கிப் போட்டுடாதீங்க. நடுவுல வருஷங்கள் சரியா இருக்கான்னு பாருங்க. எந்த எழுத்துருன்னு கண்டுபிடிச்சு யூனிகோடுக்கு மாத்துங்க. மாத்தினதும், டைப் பண்ணினவங்க பக்கத்துல உக்காந்து ஒரு தடவை சேர்ந்து படிங்க. குறிப்பா பேர்களை.

அத்தைக்கு இப்போ அறுபத்தெட்டு. மேசையில அவங்க விரல் தட்டினதை நான் வீடியோ எடுத்து வச்சிருக்கேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.